அந்த ரெண்டு எழுத்து

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நார்த்தாமலைப் பக்கம் சின்ன ஊர். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தபோது தம்பி மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“பெரியப்பா, செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன். அடுத்த வாரம் இன்டர்வியூ. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க.”

இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். பேர், ஊர், படிப்பு, பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. இன்டர்வியூவுக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிற அதே தாள்தான். நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

‘மை கிராண்ட்மதர் இஸ் மை இன்ஸ்பிரேஷன். ஷி வொர்க்ட் ஹார்ட்லி இன் எ ஸ்டோன் குவாரி.’

‘அப்பத்தாதான் எனக்கு முன்மாதிரி. கல் குவாரியில் கஷ்டப்பட்டு உழைத்தவள்.’ அவள் சொல்ல நினைத்தது இது. ஆனால் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் வேறு மாதிரி சிரிப்பார். ‘அப்பத்தாதான் எனக்கு முன்மாதிரி. குவாரியில் வேலை செய்தேன் என்று பேர் பண்ணியவள்’ என்கிற மாதிரி ஆகிவிட்டது.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. 1984-ல் அதே வார்த்தையை, அதே மனுஷியைப் பற்றி நானும் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அப்பத்தா, எனக்கு அம்மா.

*

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா இல்லை. அம்மா குவாரியில் ஜல்லி உடைத்து என்னையும் தம்பியையும் வளர்த்தாள்.

எங்கள் பக்கம் பூமியைத் தோண்டினால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கல் வரும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே இங்கேயிருந்துதான் கல் போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கோயில் கட்டி ஆயிரம் வருஷம் ஆகியும் கல் தீரவில்லை. உடைக்கிறவர்கள் கஷ்டமும் தீரவில்லை.

ஆண்கள் வெடி வைத்துப் பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுத்தியலால் அதை ஜல்லியாக உடைப்பார்கள். ரெண்டு குச்சி நட்டு, மேலே ஒரு பழைய சேலையைக் கட்டியிருப்பார்கள். அதுதான் நிழல். கல்லைப் பிடிக்கிற இடது கையில் அம்மாவுக்கு எல்லா நகமும் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஓர் ஆங்கில வாத்தியார் இருந்தார். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். “1930-கள்ல டெல்லி சட்டசபையில அவர் இங்கிலீஷ்ல எழுந்து நின்னா வெள்ளைக்காரனே நெளிவான். அவர் எந்த ஊரு? நம்ம பக்கத்து ஊரு! உங்களுக்கு என்னடா கேடு?” என்பார்.

எங்களைச் சத்தியமூர்த்தி ஆக்குவதற்கு அவர் கண்டுபிடித்த குறுக்குவழிகளில் ஒன்று இது: “தமிழ்ல ‘ஆக’ன்னு முடிஞ்சா, இங்கிலீஷ்ல ‘லி’ போடு. மெதுவாக, ஸ்லோலி. அழகாக, பியூட்டிஃபுலி. சத்தமாக, லவுட்லி.” சுலபமாக இருந்தது. நூறு வார்த்தைகளுக்குத் தொண்ணூறு வார்த்தை சரியாகவும் வந்தது. மிச்சம் பத்து எங்கே காத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிளஸ் டூ முடித்ததும் திருச்சியில் ஓர் அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கிறது என்று விண்ணப்பம் போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்றார்கள். அம்மாவைப் பற்றி எப்படியும் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கஷ்டமாக என்றால் ஹார்ட். (இதயத்துக்கும் தமிழில் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் சொல்வது கல் மாதிரி கடினமாக இருக்கிற ஹார்ட்.) அதோடு ‘லி’ சேர்த்தால் ஹார்ட்லி. கீரனூர் தாண்டித் திருச்சி போகிற வரை பஸ்ஸில் அந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

“வாட் இஸ் யுவர் ஃபாதர்?”

“நோ ஃபாதர் சார்.”

“மதர்?”

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். “மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்லி சார். ஷி வொர்க்ஸ் ஹார்ட்லி ஃபார் மீ.”

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “யூ மீன், ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்?”

வார்த்தைகள் எல்லாம் நான் சொன்னவைதான். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, அவ்வளவுதானே? “யெஸ் சார்” என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர், “ஹார்ட்லி எவர்?” என்றார்.

“யெஸ் சார்.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். ‘உங்க அம்மா அவ்வளவா வேலை செய்ய மாட்டாங்களோ?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஆமாங்க’ என்றிருக்கிறேன். ‘எப்பவாவதுகூடச் செய்யறது கிடையாதோ?’ அதற்கும் ‘ஆமாங்க’.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவித்தொகை கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் படித்தேன்.

அன்றைக்கு ராத்திரி அம்மா விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். “என்னையப் பத்திக் கேட்டாகளா?”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“கஷ்டப்பட்டு வேலை செய்யறாங்கன்னு சொன்னேன்.”

“இங்கிலீசுலயா?”

“இங்கிலீஷ்லதான்.”

அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். தன் உழைப்பை ஒருத்தன் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான் என்பது அவளுக்குப் பெரிய விஷயம்.

கல்லூரியில் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்து, நூலகத்தில் வேறு ஏதோ வார்த்தையைத் தேடப் போய், அகராதியில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படித்தேன். திரும்பப் படித்தேன். காது ரெண்டும் சூடாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி விடுதியில் சாப்பிடப் போகவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

*

சரி, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். என் மாதிரி இன்னொரு பிள்ளை எங்கேயாவது போய் நிற்கக் கூடாது.

ஹார்ட் என்கிற வார்த்தை ‘லி’ இல்லாமலேயே கஷ்டப்பட்டு என்கிற அர்த்தத்தைக் கொடுத்துவிடும். ‘ஷி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் அவள் கஷ்டப்பட்டு உழைக்கிறாள். முடிந்தது. அதற்கு வால் தேவையில்லை. ‘ஃபாஸ்ட்’டும் அப்படித்தான். வேகமாக ஓடினான் என்பதற்கு ‘ஃபாஸ்ட்லி’ கிடையாது.

இன்னும் சில வார்த்தைகள் வால் முளைத்ததும் வேறு ஆளாகிவிடும். லேட் என்றால் தாமதம். லேட்லி என்றால் சமீப காலமாக. நியர் என்றால் பக்கத்தில். நியர்லி என்றால் கிட்டத்தட்ட. ‘ஐ கேம் லேட்லி’ என்று மேனேஜரிடம் சொல்கிற ஆட்களைச் சென்னையில் தினமும் பார்க்கலாம்.

ஹார்ட்லிக்கு அகராதி சொல்கிற அர்த்தம் ‘இல்லை என்று சொல்கிற அளவுக்குக் கொஞ்சம்’. முழுசாக இல்லை என்றும் சொல்லாது, இருக்கிறது என்றும் சொல்லாது. இதற்குத் தமிழில் ஒற்றை வார்த்தை தேடினால் அகப்படாது. ஆனால் நாம் தினமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ‘காதுல விழுந்தும் விழாம இருந்துச்சு’ என்கிறோமே, அதுதான் ‘ஐ குட் ஹார்ட்லி ஹியர்’. ‘சட்டியில குழம்பே இல்லைன்னு சொல்லலாம்’ என்றால் ஹார்ட்லி எனி. ‘அத்தி பூத்த மாதிரி வருவாரு’ என்றால் ஹார்ட்லி எவர். ‘அவரை எனக்கு அவ்வளவாத் தெரியாது, பார்த்தா சிரிப்பேன், அவ்வளவுதான்’ என்பதை வெள்ளைக்காரன் ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ என்று முடித்துவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் பயமுறுத்திய ‘ஹார்ட்லி... வென்’ வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? நாலு மார்க் கேள்வி மாதிரி தெரிகிற அது, நம் வீட்டு வாக்கியம்தான். ‘வந்ததும் வராததுமா சண்டையை ஆரம்பிச்சுட்டான்.’ அந்த ‘வந்ததும் வராததும்’தான் ‘ஹார்ட்லி ஹாட் ஹி கம்’. இதை இப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் பயம் போயிருக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம். ஒன்று, ஹார்ட்லி வினைச்சொல்லுக்கு முன்னால் உட்காரும். என்னைக் கேள்வி கேட்டவர் அதைத்தான் செய்தார். பின்னால் கிடந்ததைத் தூக்கி முன்னால் போட்டு, சரியான ஆங்கிலத்தில் என் அம்மாவைச் சோம்பேறி ஆக்கினார். ரெண்டாவது, இந்த வார்த்தைக்குள்ளேயே ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது. அதனால் கூட ஒரு ‘நாட்’ போடக் கூடாது. கொஸ்டின் டேக் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ‘ஷி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்ற வரிக்கு வால் ‘டஸ் ஷி?’ என்றுதான் வரும், ‘டஸன்ட் ஷி?’ என்று வராது. நாட் எங்கேயும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இலக்கணத்துக்குத் தெரியும், அந்த வரி ஓர் இல்லாத வரி என்று.

இதிலெல்லாம் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஹார்ட் என்றால் கடுமை. அதற்குப் பிறந்த பிள்ளை எப்படி ‘கொஞ்சம்’ ஆனது? உழைப்பு எப்படி உழைக்காமை ஆனது?

பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய ஆங்கிலத்தில் ஹார்ட்லி என்றால் கடுமையாக, துணிவாக என்றுதான் அர்த்தம். நான் சொன்னதை ஒரு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் போய்ச் சொல்லியிருந்தால் சரியாகப் போயிருக்கும்! அப்புறம் அது ‘சிரமப்பட்டு’ என்றானது. 1611-ல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில், ஊசியின் காதில் ஒட்டகம் நுழைகிற உவமைக்கு முந்தைய வரியில், பணக்காரன் பரலோகம் போவது பற்றி இயேசு சொல்கிற இடத்தில் ஹார்ட்லி வருகிறது. அங்கே அதற்கு ‘சிரமப்பட்டுத்தான்’ என்று அர்த்தம். அதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலேயே, ‘அநேகமாக இல்லை’ என்கிற அர்த்தமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் அதுவே நின்றது.

தமிழ் பைபிளில் அதே இடத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார்கள் தெரியுமா? அரிது.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. நம்முடைய ‘அரிது’ம் இதே வழியில் நடந்து வந்த வார்த்தைதான். வள்ளுவர் ‘செயற்கரிய’ என்றால் செய்வதற்குக் கடினமானது. இன்றைக்கு நாம் ‘அரிதாக’ என்றால் எப்போதாவது என்று பொருள். கஷ்டம் என்பது நம் மொழியிலும் கொஞ்சம் என்றாகிவிட்டது. எது கஷ்டப்பட்டு வருகிறதோ, அது கொஞ்சமாகத்தானே வரும்? எங்கள் வீட்டில் சோறு அப்படித்தான் வந்தது. ரெண்டு மொழிக்காரர்களும் பேசிவைத்துக்கொள்ளாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். நம் ஆட்கள் அதே வேரிலிருந்து வந்த ‘அருமை’யை நல்லதுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அகராதி ஆராய்ச்சி எல்லாம் மனசைக் கொஞ்சம் ஆற்றியது. ஆனால் அந்த ‘யெஸ் சார்’ உள்ளே கிடந்தது. அது வார்த்தைப் பிழை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், கூடச் சேர்ந்து சிரித்தது என் வாய்தானே?

*

கதையின் இன்னொரு பாதி அம்மாவுடையது. அதை அவள் எனக்குச் சொன்னது 1992-ல்.

குவாரியில் கூலி லோடு கணக்கு. யார் எத்தனை உடைத்தார்கள் என்று கணக்குப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதுவார். சனிக்கிழமை சம்பளம். முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். நோட்டில் கைநாட்டு வைத்துவிட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாள். நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. சனிக்கிழமை வந்தால் சுவரும் நோட்டும் ஒத்துப்போகாது. சுவரில் எப்போதும் கூட இருக்கும். நோட்டில் குறைவாக இருக்கும். சுவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா? “நோட்டுல இருக்கறதுதான் கணக்கு” என்பார் அவர். முன்பணம் மட்டும் நோட்டில் குறையவே குறையாது. சின்ன வயதில் அந்தக் கரிக்கோடுகளை நான் விளையாட்டாக அழித்து, முதுகில் வாங்கியிருக்கிறேன்.

1990-ல் கேரளத்தில் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பேர் வாங்கியது. அடுத்த வருஷமே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வேலை முடிந்து ராத்திரியில் வகுப்பு. மரத்தடி, கோயில் வாசல், திண்ணை என்று எங்கே வெளிச்சம் உண்டோ அங்கே பள்ளிக்கூடம். சம்பளம் இல்லாமல் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. அதற்கென்று ஒரு பாட்டே கட்டி ஊர் ஊராகப் பாடினார்கள். தாவணி போட்ட பிள்ளைகளும் நடுத்தர வயதுப் பெண்களும் சைக்கிளில் போவதைப் பார்த்து ஆண்கள் வாயடைத்து நின்றது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதியதை, பல வருஷங்கள் வடக்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் இந்திப் பாடப்புத்தகத்தில் படித்தார்கள்.

அம்மா சைக்கிள் பக்கம் போகவில்லை. “கீழ விழுந்தா எவ கல்லு உடைக்கிறது?” என்று சொல்லிவிட்டாள். வகுப்புக்கு மட்டும் போனாள். முதல் நாள் சொல்லிக்கொடுக்க வந்த பெண், அவளுடைய பேரை எழுதிக் காட்டியிருக்கிறாள். எல்லோருக்கும் தன் பேரை எழுதிப் பார்க்கத்தான் ஆசை. அம்மா, “பேரு கெடக்கட்டும் பாப்பா. எனக்கு முதல்ல நம்பரு சொல்லிக் குடு” என்றிருக்கிறாள்.

ரெண்டே வாரத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை கைநாட்டு வைக்கக் குனிந்தவள், நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாளாம்.

“அய்யா, நான் ஒடைச்சது பதினாலு. இதுல ஒம்பதுல்ல போட்டிருக்கு?”

கணக்குப்பிள்ளை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். “ஒனக்கு எப்ப கண்ணு தெரிஞ்சுச்சு?” என்றாராம்.

அதை எனக்குச் சொல்லும்போது அம்மா சிரித்தாள். அந்த வாரம் முழுக் கூலி கிடைத்தது. 1992-ல் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்த வருஷங்களில்தான் குடுமியான்மலைப் பக்கம் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடவும் செய்தது மாவட்ட நிர்வாகம். கல் உடைத்தவர்களே கணக்கு எழுதினார்கள். அது எல்லா இடத்திலும் நிலைத்தது என்று சொல்ல முடியாது. காண்ட்ராக்டர்களும் சும்மா இருக்கவில்லை. ஆனாலும் நோட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தியை மறுபடியும் பார்க்கத் தெரியாதவளாக மாற்ற யாராலும் முடியவில்லை.

அன்றைக்கே என் கதையையும் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்கு நாற்பது வருஷம் ஆகி, ஒரு மாட்டுப் பொங்கல் வர வேண்டியிருந்தது.

*

தாளைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியாரின் ‘லி’, மூன்று பேர், யெஸ் சார், எதையும் விடவில்லை. அம்மா திண்ணையின் அந்தக் கோடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்குகிறாள். காது கொஞ்சம் மந்தம். கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னேனோ என்னவோ. இடிக்கிற சத்தம் நின்றது.

“என்னடா சொல்றே? என்னையப் பத்தியா?”

வேறு வழியில்லை. கிட்டே போய் உட்கார்ந்து சொன்னேன். “ஆத்தா, அன்னிக்கு நீ கஷ்டப்பட்டு வேலை செய்யறேன்னு சொல்லப் போயி, வேலையே செய்யறதில்லைன்னு சொல்லிட்டேன். ரெண்டு எழுத்து அதிகமாப் போட்டுட்டேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கோபம் வருமா, அழுவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“ரெண்டு எழுத்து கூடப் போட்டா, செஞ்ச வேலை செய்யாத வேலையாயிருமா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான்.”

“இங்கிலீசுல என்ன, எல்லாத்துலயும் அப்படித்தான்” என்றாள். “அவன் ஒரு நம்பரைக் கொறைச்சுப் போடுவான். அஞ்சு லோடு செய்யாத லோடாயிரும். அப்ப மட்டும் என்னவாம்? நீ சின்னப் பய. தெரியாமச் சொன்னே. அவன் தெரிஞ்சு எழுதினான்.”

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றாள். அப்புறம் சொன்னாள்.

“நீ தப்பாச் சொன்னேன்னு மூணு பேரு சிரிச்சாகல்ல? அந்த நோட்டுல தப்பா எழுதியிருக்குன்னு ஒருத்தரும் சிரிக்கலயே தம்பி.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்த அகராதி எதிலும் அதற்குப் பதில் இல்லை.

தம்பி மகள்தான் பேசினாள். “பெரியப்பா, நீங்க ‘நோ சார்’னு சொல்லியிருக்கணும்.”

“ஆமாம்மா. சொல்லியிருக்கணும். நீ சொல்லு. புரியாத கேள்விக்கு யெஸ் சொல்லாதே. ‘சாரி சார், எனக்குப் புரியலை, இன்னொரு தடவை கேளுங்க’ன்னு கேளு. அதுல ஒரு அவமானமும் இல்லை.”

அவள் பேனாவை எடுத்தாள். தாளைத் திண்ணையில் வைத்து அந்த வரியைத் தேடினாள். அம்மா இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் படித்தது தமிழ் எழுத்தும் எண்ணும்தான்; ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பேத்தி எழுதிய தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், நோட்டைப் பார்க்கிற மாதிரி.

“எந்த எழுத்துடி அது?”

“இந்தா, இது ரெண்டும் அப்பத்தா. எல், ஒய்.”

“இதை எடுத்துட்டா நான் வேலை செஞ்சவதானே?”

“ஆமா அப்பத்தா.”

“அப்ப நல்லா அழுத்தி அடிச்சுவிடு தாயி” என்றாள் அம்மா. “மறுபடி எவனும் சேத்துப் படிச்சிறக் கூடாது.”